மருந்தாளுநர் சங்கம், கிருஷ்ணகிரி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. உலக மருந்தாளுநர் நாளான செப்டம்பர் 25 அன்று ஓசூரில் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஒரு நாள் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு விதி. அந்த இரண்டு நாளோடு படிப்பு முடிந்தது என்று இருப்பது நமக்கு அழகல்ல. அதனால்தான் இந்த ஆண்டு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மணி நேரத்தைப் பாடத்திற்கென்று ஒதுக்கினோம். இன்ஹேலர் பாடத்தன்று உறுப்பினர்களையே செய்து காட்டச் சொன்னோம். மூச்சை முழுதாக வெளியே விட்ட பிறகே குப்பியை அழுத்த வேண்டும். மருந்தை மெதுவாக உள்ளிழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். பல ஆண்டுகள் கவுன்டரில் நின்றவர்களே முதல் படியை விட்டுவிட்டார்கள். நானும் விட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பேருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்!

கெலமங்கலத்து உறுப்பினர் ஒருவர் சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பெரியவர் ஒருவர் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டு வந்திருக்கிறார். உடனே எடுத்துக் கொடுக்காமல், "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் ஐயா?" என்று நம்மவர் கேட்க, மஞ்சள் பையிலிருந்து இரண்டு அட்டைகள் வெளியே வந்தன. ஒன்று வீடு தேடி வந்தது, மற்றொன்று தனியார் மருத்துவர் எழுதியது. அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின். "நிறம் வேறு வேறாக இருக்கிறதே தம்பி" என்றாராம் பெரியவர். மெட்ஃபார்மின் அளவு கூடினால் வயிறு கெடும். அட்டைகளோடு அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார் நம் உறுப்பினர்.

வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அது எளியவர்களுக்குப் பெரும் துணை. இரண்டு இடத்து மருந்தும் ஒரே பையில் சேரும்போது அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

இதைத்தான் ஆய்வாக எடுத்துக்கொண்டோம். கடைக்கு ஒரு நோட்டு. பெயர் எழுதுவதில்லை, வயது, பையில் இருந்த மருந்துகள், எது இரட்டித்தது, நாம் என்ன சொன்னோம் என்பவை மட்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறுப்பினர்கள் எந்த மொழியில் விளக்கினோம் என்பதையும் எழுதுகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுவோரிடம் தமிழில் "சாப்பாட்டுக்கு முன்" என்று சொல்லி அனுப்பினால் அது பாதிதான் போய்ச் சேருகிறது. பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800 180 3024 என்ற தேசிய இலவச எண்ணுக்குத் தெரிவிக்கவும் பழகியிருக்கிறோம்.

வருத்தமும் உண்டு. சில நோட்டுகள் இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டன. பயிற்சி நாளில் விடுப்புக் கொடுக்க மறுக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். சங்கம் அவர்களை நேரில் சந்தித்துப் பேசும். குறிப்பிட்ட சில மருந்துகளின் விற்பனையைக் குறித்துவைக்கும் எச்1 பதிவேட்டை 2014 முதல் விடாமல் எழுதிவரும் கைகளுக்கு இந்த நோட்டு பாரமில்லை.

உறுப்பினர்கள் தங்கள் நோட்டுகளை அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவர வேண்டுகிறேன். பாதியில் நின்றவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள்.

செயலாளர்