விதிக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரத்தில் பாஸ்கல் என்ற நிரல் மொழியைப் படித்துவிட்டு உயர்தரத்தில் பைதன் மொழிக்கு வரும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முழு எண் ஈவு தரும் வகுத்தல்தான் அது. பாஸ்கலில் -7 டிவ் 2 என்றால் விடை -3. பைதனில் -7 // 2 என்றால் -4. கையில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகள் 'கீழ்நோக்கி முழு எண்ணாக்கும்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. பிள்ளை அதை மனனம் செய்து, பரீட்சை மண்டபத்தில் குழம்புகிறது.

இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பைதனில் மீதி, வகுக்கும் எண்ணின் குறியையே எடுக்க வேண்டும். இப்போது அதிகாலை 1 மணி என்றால், 3 மணித்தியாலத்துக்கு முன் என்ன நேரம்? மீதியைத் தரும் % குறியோடு (1 - 3) % 24 என்று கொடுத்தால் 22 வரும். அதாவது இரவு 10 மணி. பாஸ்கலைப் போல ஈவைப் பூச்சியத்தை நோக்கி வெட்டியிருந்தால் மீதி -2 ஆகியிருக்கும். அப்படியொரு மணி எந்தக் கடிகாரத்திலும் இல்லை. மீதியை இப்படி நிலைநிறுத்தியபின் ஈவுக்கு வேறு வழியில்லை. -7ஐ 2ஆல் வகுத்தால் மீதி 1, எனவே ஈவு -4: -4 × 2 + 1 = -7.

இந்த விளக்கம் பைதனின் சொந்த ஆவணத்திலேயே, கடிகார உதாரணத்தோடு இருக்கிறது. ஆனால் விதி இருப்பது 'மொழி உசாத்துணை' என்ற பகுதியில், காரணம் இருப்பது கேள்வி-பதில் பகுதியில். புதிதாகப் படிப்பவர் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பார்? கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பிடும் := குறியீட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. அதன் விளக்கம் நேரே பெப் 572க்குக் கைகாட்டுகிறது. பெப் என்பது பைதன் மொழியில் மாற்றம் கோரி, காரணத்தோடு எழுதப்படும் முன்மொழிவு. :=க்குப் பதிலாக 'ஆஸ்' என்ற சொல்லை ஏன் பயன்படுத்தவில்லை என்பதும் அங்கே உண்டு: இம்போர்ட், எக்செப்ட், வித் கூற்றுகளில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை.

மலையகத்துக்கு இதில் தனிச் சிக்கல். இணையம் சரியாக எட்டாத தோட்டப் பாடசாலைக் கணினி அறையில் பைதன் ஆவணத்தை சிப் என்ற சுருக்கிய கோப்பாக இறக்கி வைக்கலாம். கேள்வி-பதில் பகுதி அதற்குள்ளேயே வரும். பெப் பக்கங்கள் வரா. இணைப்பைச் சொடுக்கினால் வெறும் பிழைச் செய்தி. எனவே 238, 308, 572 போன்ற தேவையான சில பெப்களைத் தனியே சேமித்து அதே கோப்புறையில் போட வேண்டும். வகுத்தல் குறியை மாற்றச் சொல்லி 2001இல் எழுதப்பட்ட 238 முக்கியம். பைதன் 2இல் 7 / 2 என்றால் 3. 2008இல் வந்த பைதன் 3.0 பதிப்பிலிருந்து விடை 3.5. பழைய மாதிரிச் செய்நிரல்களைப் பார்த்தெழுதும்போது விடை பிசகுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கப்பட்டு நிறைவேறிய பெப் வரலாற்று ஆவணமாகிவிடும். மொழி மாறினாலும் அதைத் திருத்துவதில்லை. விதியை நிறுவியிருக்கும் பதிப்பின் ஆவணத்தில் பாருங்கள், காரணத்தை மட்டும் பெப்பில் தேடுங்கள். டியூட் எனப்படும் பாடக் குறிப்புகளைத் தயாரிப்போர் ஒவ்வொரு விதிக்கும் கீழே பதிப்பு எண், பெப் எண், காரணம் ஒரு வாக்கியம் என்று அச்சிட்டால் போதும். பக்கத்துக்கு இரண்டு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
உயர்தரத் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.