கேட்லினுக்கு ஒரு நியாயம், நெட்டுக்கு ஒரு நியாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் நாவல்களாகவும் டிவி தொடராகவும் வந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதாபாத்திரங்களை நல்லவர், கெட்டவர், முட்டாள் என்று பிரித்து ஒரு கட்டுரை வந்திருந்தது. நெட் ஸ்டார்க் நல்லவர்களில் முதல் இடம், அவர் மனைவி கேட்லின் முட்டாள்களில் முதல் இடம். படித்ததும் கோபம்தான் வந்தது. இந்தக் கதையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இதே தீர்ப்புதான் வருகிறது: போரை ஆரம்பித்து வைத்தவர் கேட்லின், சிறைபிடித்து வைத்திருந்த எதிரி ஜேமி லானிஸ்டரை விடுவித்து மூத்த மகன் ராபைக் கெடுத்தவர் கேட்லின்.

சரி, அவர் செய்ததுதான் என்ன? சத்திரத்தில் ஜேமியின் தம்பி டிரியனைக் கைது செய்தார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்று யாராவது யோசித்தார்களா? மகன் பிரான் நினைவில்லாமல் கிடக்கிறான், அவனைக் குத்திக் கொல்ல ஒருவன் வருகிறான், கேட்லின் அந்தக் கத்தியின் அலகையே வெறும் கையால் பிடித்துத் தடுக்கிறார், விரல்கள் எலும்பு வரை அறுபடுகின்றன. அது டிரியனின் கத்தி என்று சொல்பவர் லிட்டில்ஃபிங்கர், கேட்லினின் அப்பா வீட்டிலேயே அவரோடு வளர்ந்தவர். லானிஸ்டர்கள்தான் தன் கணவரைக் கொன்றார்கள் என்று கூடப்பிறந்த தங்கையே கடிதம் எழுதியிருக்கிறார். இவை பொய் என்பது நமக்குத் தெரியும். கடிதத்துக்குப் பின்னால் இருந்தது லிட்டில்ஃபிங்கர்தான் என்பது மூன்றாவது புத்தகத்தின் கடைசியில், 2000-இல்தான் வாசகருக்கே தெரிய வருகிறது. முதல் புத்தகம் 1996. நாமே நான்கு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டதைச் சத்திரத்தில் உட்கார்ந்திருந்த கேட்லின் தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம். இன்னொன்று, அவர் டிரியனைத் தேடிப் போகவில்லை. யார் கண்ணிலும் படாமல் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை டிரியன்தான் அடையாளம் கண்டு, எல்லார் முன்னாலும் பேர் சொல்லி அழைத்தார்.

இப்போது நெட்டுக்கு வருவோம். டிரியனின் அக்காவான ராணி செர்சியின் பிள்ளைகள் ராஜா ராபர்ட்டுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று கண்டுபிடித்ததும் நேராகச் செர்சியிடமே போய் அதைச் சொல்லி, ராபர்ட் வேட்டையிலிருந்து வருவதற்குள் பிள்ளைகளோடு ஓடிவிடுங்கள் என்கிறார். காரணம் இரக்கம். முன்பு, ராபர்ட் போரில் கொன்ற இளவரசர் ரேகாரின் குழந்தைகளின் சடலங்களைச் சிவப்புப் போர்வையில் சுற்றி ராபர்ட்டின் முன்னால் வைத்ததை அவரால் மறக்க முடியவில்லை. அப்படி ஒன்று மறுபடி நடக்கக் கூடாது என்று நினைக்கிறார். எனக்கு அந்த இடத்தில் நெட்டை ரொம்பவே பிடிக்கும். ஆனால் விளைவு? அவர் தலை போனது, மகள் சான்சா கைதியானார், கூட வந்தவர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். குழந்தைகளுக்காகத்தான் இரண்டு பேரும் துணிந்தார்கள், இரண்டு பேர் முடிவும் நாசத்தில்தான் போய் நின்றது. கணவர் செய்தால் பெருந்தன்மை, மனைவி செய்தால் முட்டாள்தனம் என்றால் அது மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கதைதான்.

ஜேமியை விடுவித்த விஷயத்தில் கட்டுரையாளர் டிவி தொடரை மட்டும் வைத்து எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. புத்தகத்தில் பிரானும் ரிக்கனும் இறந்துவிட்டார்கள் என்ற (பொய்யான) செய்தி முதலில் வருகிறது, அதற்கப்புறம்தான் கேட்லின் சிறைக்குள் இறங்கிப் போகிறார். இரண்டு மகன்களைப் பறிகொடுத்துவிட்டோம், மிச்சமிருக்கும் இரண்டு பெண்களையாவது மீட்க வேண்டும் என்ற வெறி அது. தொடரில் அந்தச் செய்தி வருவதற்கு முன்பே விடுவித்துவிடுகிறார். செயல் அதேதான், வரிசை மாறியதும் மனசும் மாறிவிடுகிறது. ராப் விஷயத்திலும் இப்படித்தான். வேறொரு வீட்டுப் பெண்ணை மணப்பதாகக் கொடுத்த வாக்கைத் தொடரில் காதலுக்காக மீறுகிறான். புத்தகத்திலோ காயம்பட்டுக் கிடந்தவன், தம்பிகள் இறந்த செய்தி கேட்டு உடைந்துபோன இரவில் ஒரு பெண்ணோடு இருந்துவிட்டு, அவள் மானம் போகக் கூடாது என்று மணக்கிறான். அதுவும்கூட ராப் தன் வாயால் சொல்லித்தான் நமக்குத் தெரியும், ஏனென்றால் அவன் பார்வையில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவனை நாம் பெரும்பாலும் அம்மாவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம்.

கேட்லினை நான் தேவதை என்று சொல்லவில்லை. பிரானின் படுக்கைப் பக்கத்தில் விடைபெற வந்த ஜானிடம் (நெட்டுக்கு வெளியில் பிறந்த மகன் என்று வீட்டில் வளர்ந்தவன்), இந்தக் கதி உனக்கு வந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி பேசியது கொடுமை. ஜானுக்கு அப்போது பதினாலு வயது. எந்தத் துக்கமும் அதற்குச் சமாதானம் ஆகாது, திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.

ஆனால் அதே கட்டுரையில் ஜேமி ‘திருந்திய நல்லவர்’. ஹாரன்ஹாலில் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, ஊரையே எரிக்கக் கிளம்பிய ராஜா ஏரிஸை ஏன் கொன்றேன் என்று அவர் கூட வந்த வீராங்கனை பிரியெனிடம் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு அடைத்தது. பதினேழு வயதில் அத்தனை உயிரைக் காப்பாற்றிவிட்டு, வாழ்நாள் முழுக்கத் துரோகி பட்டத்தோடு திரிந்தவர். அது ராஜாவைக் கொன்றதற்கான விளக்கம். செர்சியோடு தனக்கிருந்த உறவு என்ற ரகசியத்தைக் காப்பாற்ற, சிறுவன் பிரானை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டதற்கு அது விளக்கம் ஆகாது. தள்ளியவருக்குக் கிடைக்கிற மன்னிப்பு, தள்ளப்பட்டவனின் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அடுத்த வாரம் செர்சியைப் பற்றிக் கட்டுரை என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு முன் நான்காவது புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அதில்தான் செர்சியின் பார்வையில் முதல் அத்தியாயங்கள் வருகின்றன. தம்பி ஒருவன் கையால்தான் சாவு என்று சின்ன வயதில் கேட்ட ஜோசியத்தை அவர் டிரியன் என்றே நம்பிக்கொண்டிருப்பது அங்கேதான் தெரியும். டிவியில் ஜோசியத்தைக் காட்டினார்கள், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைப் படிக்காமல் அவருக்கு டிரியன் மேல் ஏன் அத்தனை வெறுப்பு என்று எழுதினால் பாதிக் காரணம்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி