அந்தப் படம் எல்.எச்.சி.யில் எடுத்தது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் துகள் மோதல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஹிக்ஸ் துகளைப் பற்றிச் சொல்லும்போது ‘கடவுளையே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற பாணியில் எழுதாமல் விட்டதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரைக்கு மேலே அரைப்பக்கத்துக்குப் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தின் கீழே ‘எல்.எச்.சி. மோதலில் சிதறும் துகள்கள்’ என்று அச்சாகியிருக்கிறது. அது எல்.எச்.சி. என்ற மாபெரும் துகள் மோதுகருவியின் படம் அல்ல. எல்.எச்.சி.யில் அப்படி ஒரு படத்தை எடுக்கவே முடியாது. அது பபிள் சேம்பர் என்ற குமிழி அறையில், எல்.எச்.சி. ஓடத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிலிமில் எடுத்த புகைப்படம்.

எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். இயற்பியலில் பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலையே இந்த மாதிரிப் படங்களை நாள் முழுக்கப் பார்ப்பதுதான். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஸ்கேனர் வேலை. மேஜைமேல் வைக்கிற இயந்திரம் அல்ல, நாங்கள்தான் ஸ்கேனர்கள். பெரும்பாலும் பெண்கள்.

நீங்கள் போட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்திலிருந்து ஏழெட்டுக் கோடுகள் கிட்டத்தட்ட இணையாக, லேசான வளைவோடு உள்ளே வருகின்றன. அவை துகள் முடுக்கியிலிருந்து வந்த துகள் கற்றை. எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன என்பதே முதல் துப்பு. எல்.எச்.சி.யில் இரண்டு கற்றைகள் எதிரெதிராக வந்து, வெற்றிடக் குழாய்க்குள் மோதிக்கொள்கின்றன. அந்த இடத்தை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. சுற்றிலும் அடுக்கியிருக்கும் உணர்கருவிகளில் பதிந்த புள்ளிகளை இணைத்துக் கணினி வரைந்து தருவதுதான் அங்கிருந்து வரும் வண்ணப் படங்கள். அடுத்த துப்பு, படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னச் சுருள்கள். பாய்ந்து போகும் துகள் திரவத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். காந்தப்புலத்தில் அந்த எலக்ட்ரான் வளையும், ஆற்றலை இழக்க இழக்க இன்னும் இறுக்கமாக வளையும், கடைசியில் சுருண்டு நின்றுபோகும். மூன்றாவது, மேல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் கூட்டல் குறி. அது அச்சுக் கோளாறு இல்லை. குமிழி அறையின் கண்ணாடிச் சன்னலில் பொறித்து வைத்த ஃபிடூசியல் குறி. எல்லா அளவுகளும் அந்தக் குறிகளை வைத்துத்தான்.

அறை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் வைத்த திரவம், வழக்கமான கொதிநிலையைத் தாண்டிய வெப்பத்திலும் கொதிக்காமல் இருக்கும். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் சில மில்லி செகண்டுகளுக்கு அது கொதிப்பதா வேண்டாமா என்று தடுமாறி நிற்கும். அந்த நேரம் பார்த்து மின்னூட்டம் உள்ள ஒரு துகள் பாய்ந்தால், அது போன வழியில்தான் முதலில் குமிழிகள் கிளம்பும். அவை கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு ஃபிளாஷ். மூன்று நான்கு கேமராக்கள் வெவ்வேறு கோணங்களிலிருந்து படம் எடுக்கும். உடனே பிஸ்டன் திரும்ப அழுத்தும், குமிழிகள் மறையும், அடுத்த கற்றைக்கு அறை தயார்.

1952இல் இதைக் கண்டுபிடித்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிளேசர். அவருடைய முதல் அறை கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழ்தான், உள்ளே ஈதர். 1960இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது அது. பியர் கோப்பையில் எழும் குமிழிகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவரே அதை மறுத்திருக்கிறார். ஆனால் ஆரம்ப காலத்தில் அறைக்குள் பியரையும் ஊற்றிப் பார்த்தது உண்மைதான் என்று சொல்லியிருக்கிறார்!

அப்புறம் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் திரவ ஹைட்ரஜனுக்கு மாறினார். ஹைட்ரஜனின் அணுக்கருவில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான். எது எதோடு மோதியது என்ற குழப்பமே கிடையாது. ஆனால் அதை ஏறக்குறைய -246 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும், தீப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1959இல் அவருடைய 72 அங்குல அறை ஓடத் தொடங்கியது. அதிலிருந்துதான் பிலிம் வெள்ளம். பின்னாளில் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருந்த ‘பெப்க்’ என்ற பெரிய அறை மட்டும், 1973 முதல் 1984 வரையிலான தன் ஆயுளில் 63 லட்சம் படங்கள் எடுத்தது. பிலிமின் நீளம் 3,000 கிலோமீட்டர். இவ்வளவையும் யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் அல்லவா?

அந்த ‘யாராவது’ பற்றித்தான் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ‘கேமராக்கள் படம்பிடித்தன, விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்’ என்று தாண்டிப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு பெரிய வேலை இருக்கிறது.

இருட்டு அறை. பிலிம் ரோலைப் புரொஜெக்டரில் மாட்டினால் படம் ஒரு வெள்ளை மேஜைமேல் பெரிதாக விழும். ஒரு ஃபிரேமுக்கு மூன்று கோணங்கள். முதலில் உள்ளே வரும் கற்றைத் தடங்களை எண்ண வேண்டும். அளவுக்கு மேல் இருந்தால் அந்த ஃபிரேமை ஒதுக்கிவிடுவோம். பிறகு ஒவ்வொரு தடத்தின் கூடவே கண்ணை ஓட்டி, அது எங்கேயாவது கிளை பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிந்தால் எத்தனை கிளை, அதாவது எத்தனை ‘ப்ராங்’ என்று குறிக்க வேண்டும். எந்தக் கிளையாவது நடுவழியில் மடங்குகிறதா, பக்கத்தில் எங்காவது ஆகாயத்திலிருந்து விழுந்ததுபோல் ஒரு ‘வீ’ தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரோல் எண், ஃபிரேம் எண், வகை என்று எழுதிவிட்டு அடுத்த ஃபிரேம். பெரும்பாலான ஃபிரேம்களில் ஒன்றுமே இருக்காது. கற்றை வந்தது, போனது, அவ்வளவுதான்.

இந்த ‘வீ’தான் எங்களுக்குப் பிடித்தது. மின்னூட்டம் இல்லாத துகள் தடம் விடாது. அது வெறுமையில் நடந்துபோய் ஓரிடத்தில் சிதையும்போது, திடீரென்று இரண்டு தடங்கள் முளைக்கும். லாம்டா துகள் என்றால் ஒன்று புரோட்டான், இன்னொன்று எதிர்மின் பயான் என்ற இலேசான துகள். ஆனால் காமா கதிர் எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடியாக மாறினாலும் ‘வீ’ போலத்தான் தெரியும். வித்தியாசம் முனையில் இருக்கிறது. காமா ஜோடியில் இரண்டு தடங்களும் ஒட்டியபடியே கிளம்பி, அப்புறம்தான் ஆளுக்கொரு பக்கம் வளையும். நிஜ ‘வீ’யில் முனையிலேயே கோணம் இருக்கும். இதைப் புத்தகம் சொல்லித்தரும். ஆனால் வேகம் குறைந்த புரோட்டானின் தடம் பக்கத்திலுள்ள பயானைவிடக் கறுப்பாக, குமிழிகள் நெருங்கி இருக்கும் என்பதைப் பார்த்தவுடனே சொல்லும் பழக்கம் மேஜையில் உட்கார்ந்தால்தான் வரும். தடத்தின் வளைவை அளந்தால் துகளின் உந்தம் கிடைக்கும். காந்தப்புலத்தை டெஸ்லாவிலும் வளைவின் ஆரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி, 0.3ஆல் மறுபடி பெருக்கினால் போதும்.

அழகான நிகழ்வுகளை மட்டும் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. சலிப்பூட்டும் இரண்டு ப்ராங் நிகழ்வையும் விடாமல் எழுத வேண்டும், ஒன்றும் நடக்காத தடங்களின் எண்ணிக்கையும் வேண்டும். எத்தனை மோதல் நடந்தது என்பதை மொத்தத் தட நீளத்தால் வகுத்தால்தான் மோதலுக்கான வாய்ப்பு தெரியும். வகுக்கும் எண் தப்பானால் விடையே தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இருக்கும் புத்திசாலித்தனம் எனக்கு இன்றும் பிடிக்கும். மனிதக் கண் தவறவிடும். அதை மறைக்காமல் அளந்தார்கள். ஒரே ரோலை இரண்டு பேர், ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்காமல் ஸ்கேன் செய்வோம். ஒருத்தி 90 நிகழ்வுகளும் இன்னொருத்தி 80 நிகழ்வுகளும் கண்டிருக்கிறார்கள், அவற்றில் 72 இருவர் பட்டியலிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90ஐ 80ஆல் பெருக்கி 72ஆல் வகுத்தால் 100. ஆக, பிலிமில் இருப்பது ஏறத்தாழ 100. இருவரும் சேர்ந்து கண்டது 98. யார் கண்ணிலும் படாமல் போனது இரண்டு. பார்க்காததையே எண்ணிவிடுகிறார்கள் பாருங்கள்! ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர எல்லா நிகழ்வுகளும் ஒரே அளவு எளிதாகக் கண்ணில் பட வேண்டும். கேமராவை நோக்கி நேராக வரும் தடம் குட்டையாகத் தெரிவதால் எல்லோருமே அதைத்தான் கோட்டை விடுவார்கள். அதற்குத் தனித் திருத்தம் உண்டு.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், 1964ஐச் சொல்வேன். இயற்பியலாளர் மர்ரி கெல்-மான் முன்கூட்டியே கணித்திருந்த ஒமேகா மைனஸ் துகள், அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 80 அங்குல அறையில் எடுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களில்தான் அகப்பட்டது. அதில் ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. சிதைவில் வந்த இரண்டு காமா கதிர்களும் அறைக்குள்ளேயே எலக்ட்ரான் ஜோடிகளாக மாறின. ஹைட்ரஜனில் அது லேசில் நடக்காது. அதனால்தான் முழுச் சங்கிலியையும் கோர்க்க முடிந்தது. 1973இல் செர்னின் ‘கார்கமேல்’ அறையில், நியூட்ரினோ வந்து ஒரு எலக்ட்ரானை மட்டும் தட்டிவிட்டுத் தடமே இல்லாமல் போன படம் கிடைத்தது. ஹைட்ரஜனுக்குப் பதில் 12 கன மீட்டர் அறையில் கனமான ஃபிரியான் நிரப்பியிருந்தார்கள், நியூட்ரினோ எதிலும் அவ்வளவாக மோதாது என்பதால். மின்னூட்டமில்லா ஓட்டம், அதாவது மோதிய பிறகும் நியூட்ரினோ நியூட்ரினோவாகவே போகும் வினை, என்ற பெரிய கண்டுபிடிப்பின் சான்றுகளில் ஒன்று, பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும் ஒற்றைக் கோடு. வேகமாகப் புரட்டியிருந்தால் போயிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பு பிரிஸ்டலில் செசில் பவலின் குழு, துகள் தடம் பதிந்த ஒளிப்படக் குழம்புத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்தே 1947இல் பயானைக் கண்டுபிடித்தது. அவர்கள் கட்டுரையில் படத்துக்கு அடியிலேயே அதைக் கண்ட பெண்ணின் பெயரை அச்சிட்டார்கள். குமிழி அறைக் காலத்தில் ஏனோ அந்த வழக்கம் தேய்ந்து, ‘ஸ்கேனிங் ஊழியர்களுக்கு நன்றி’ என்ற கடைசி வரியாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கொஞ்சம் உண்டு.

குமிழி அறை ஏன் போயிற்று? அழுத்தத்தைத் துகள் வருவதற்கு முன்பே குறைத்தாக வேண்டும். ஆகவே ‘இந்த மோதல் முக்கியம், இதை மட்டும் எடு’ என்று அதனிடம் சொல்ல முடியாது. எல்.எச்.சி.யில் நொடிக்கு 4 கோடி முறை கற்றைக் கொத்துகள் குறுக்கிடுகின்றன, அதில் பெரும்பகுதியை அந்தக் கணமே மின்னணுச் சுற்றுகள் கழித்துவிடுகின்றன. 1968இல் ஜார்ஜ் ஷார்பாக் செய்த, மெல்லிய கம்பிகளால் தடத்தை மின்னணு முறையில் பதியும் பலகம்பி அறைதான் இந்தப் பாதையைத் திறந்தது, 1992இல் அவருக்கும் நோபல். எங்கள் வேலை போனதில் பால் ஹஃப்புக்கும் பங்குண்டு. குமிழி அறைப் படங்களில் கோடுகளைக் கணினியே கண்டுபிடிக்க அவர் செய்த கணித முறைக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. இன்று வாகனங்களின் கேமரா சாலையின் வெள்ளைக் கோட்டை அடையாளம் காண்பதற்கும் அதே முறை பயன்படுகிறது. குமிழி அறையும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கனடாவில் சுரங்க ஆழத்தில் பீகோ என்ற சோதனை கரும்பொருளைத் தேட அதைத்தான் வைத்திருக்கிறது. குமிழி வெடித்தெழும் ஓசையைக்கூட ஒட்டுக்கேட்கிறார்கள். ஆல்ஃபா துகள் உண்டாக்கும் குமிழி கூடுதல் சத்தம் போடுமாம்.

படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே ஒரு யோசனை. மாணவர் பக்கத்தில் அம்புக்குறி, வட்டம் எதுவும் போடாமல் ஒரு குமிழி அறைப் படத்தை வெளியிட்டு, கற்றை எந்தப் பக்கமிருந்து வருகிறது, ‘வீ’ எங்கே, அது காமா ஜோடியா நிஜ ‘வீ’யா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். இயற்பியல் படித்திருக்க வேண்டியதே இல்லை, பத்து வயதுப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். வரும் விடைகளைத் திருத்தித்தர நான் தயார். ஒன்று மட்டும்: படத்தை வடிவமைப்பாளர் ஓரம் வெட்டாமல் முழுதாகப் போட வேண்டும். ஃபிடூசியல் குறிகள் இல்லாத படத்தை என்னால் அளக்க முடியாது.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்கேனர் ஒருத்தி