இரண்டரை மணிக்கு வகுப்பை முடித்துவிடுங்கள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை நீட் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கு, பந்தலூர் தேயிலை எஸ்டேட் லயனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) இருந்து ஒரு பிளஸ் டூ மாணவியின் அப்பா எழுதுவது. வணக்கம்.

வருகைப் பதிவேட்டில் என் மகள் பெயருக்கு நேராக "ஆர்வம் இல்லை" என்று எழுதியிருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். அதனால்தான் இந்த மடல். வகுப்பு நேரம் பற்றிய மனுக்கள் எல்லாம் உங்கள் மேசையிலேயே இருப்பதால் பழைய கதைக்குப் போகவில்லை.

கூடலூரில் வகுப்பு முடிய ஐந்து மணி. அதற்குள் எங்கள் பக்கம் வரும் பஸ் போய்விடும். அடுத்த பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது இருட்டிவிடுகிறது. அங்கிருந்து தேயிலைக் காட்டுக்குள் நடைதான். ஒரு சனிக்கிழமை அப்படி இறங்கிய பிள்ளைகள் வளைவைத் தாண்டவில்லை. பலாமரத்தடியில் யானை, கூடவே குட்டி. டீக்கடைக்காரர் பிள்ளைகளை உள்ளே இழுத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, வனத்துறைக்குப் போன் போட்டார். ஜீப் வந்து, பட்டாசு வெடித்து, யானை ஓடைப் பக்கம் இறங்கி, மகள் வீடு சேர ஒன்பதரை. ஒரு கால் செருப்பைக் காணோம். மறுநாள் கொழுந்து எடுக்கப் போனவர்கள்தான் கண்டெடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பித்தான் நின்றாள், நாங்கள்தான் அனுப்பவில்லை. ஆர்வம் இல்லாதது யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன், மரியாதையாக இருக்காது.

நிஜத் தேர்வு மதியம் 2 முதல் 5 வரை என்பதால் மாதிரித் தேர்வும் அதே நேரத்தில் என்கிறீர்கள். சரி, நியாயம்தான். 180 கேள்வி, 180 நிமிடம், தப்பாகப் போட்டால் ஒரு மார்க் போகும். எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும். ஆனால் நிஜத் தேர்வு வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்குக் கடன் வாங்கியாவது ஜீப் பிடிப்பேன். வாராவாரம் முடியுமா? காலையில் தேர்வை வைத்து, இரண்டரைக்குப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் எங்கள் லயனில் டாக்டர் படிப்பு என்ற பேச்சே எழுந்தது. ஊட்டியிலேயே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கல்லூரி மலையேறி வந்துவிட்டது, எங்களுக்குச் சாயங்கால பஸ்தான் வரவில்லை. மலர்க் கண்காட்சிக்கு மட்டும் சிறப்புப் பஸ் விடத் தெரிகிறது. உங்கள் கால அட்டவணையில் ஒரு நகலை யானைக்கும் அனுப்பிவைத்தால் அதுவும் ஒத்துழைக்கக்கூடும்.

மன்னிக்கவும், பஸ் உங்கள் துறை இல்லை. வகுப்பு நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து இரண்டரைக்கு முடியுங்கள். அது ஆகாதென்றால் பந்தலூரிலேயே ஒரு பள்ளியில் ஓர் அறை போதும், பெஞ்சை நாங்களே தூக்கிப் போடுகிறோம். பதிவேட்டில் எழுதியதையும் அடித்துவிடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குத் தகவல் வந்தால் இந்தச் சனிக்கிழமையே பிள்ளைகளை அனுப்பிவிடுவோம்.