மூன்று கைகள்

கிரீன் பே, விஸ்கான்சின்
10.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு அம்மா அனுப்பிய முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆலையில் வேலை எப்போதும்போல்தான். சோதனைக்கூடத்தில் காகிதத்தை இழுத்தும் கிழித்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. “உங்கள் ஊர் அணியில் யாருக்கம்மா கை வலு அதிகம்?” என்று கேட்டீர்கள். முப்பது வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்கு ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்தவர் கேட்கும் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம். இந்த வாரம் எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸுக்கு ஆட்டமில்லாத ஓய்வு வாரம். ஊரே அமைதியாக இருக்கிறது, எழுத நேரமும் கிடைத்தது.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிரீன் பேயின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆனால் லாம்போ ஃபீல்டு அரங்கில் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 1919இல் தொடங்கிய பேக்கர்ஸ் அணிக்குப் பணக்கார முதலாளி ஒருவரும் கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாப ஈவு வராது, விலைக்கு விற்கவும் முடியாது. எங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர் தன் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். பனி கொட்டினால் அரங்கை வாரிச் சுத்தம் செய்ய வரும்படி அணியே ஊர்மக்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடும். போன குளிர்காலத்தில் நானும் மண்வாரியோடு போனேன்.

இனி கைக்கு வருகிறேன். குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை எறிபவர். பந்து நானூறு கிராமுக்குச் சற்று மேல், இரு முனையும் கூர்மையானது, பதினோரு அங்குல நீளம். நம்மைப்போல் ஓடிவந்து எறிய அவருக்கு இடமில்லை. பந்து கைக்கு வந்த மூன்று விநாடிக்குள் நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோ ஆட்கள் மேலே விழ வந்துவிடுவார்கள். அதற்குள் எங்கே, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் என்று முடிவெடுத்து எறிய வேண்டும். வலுவை அளக்க எல்லோரும் பார்ப்பது நீண்ட தூர எறிதலை. பயிற்சியாளர்கள் பார்ப்பதோ, மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோட்டுக்குத் தாழ்வாகப் போகும் பந்தை. அது ஒரு நொடி மிதந்தாலும் நடுவில் ஒருவன் புகுந்து பறித்துவிடுவான்.

1992இலிருந்து இன்றுவரை இந்த அணிக்கு முக்கியமாக மூன்று பேர்தான் எறிந்திருக்கிறார்கள்: பிரெட் ஃபார்வ், ஏரன் ராட்ஜர்ஸ், இப்போது ஜோர்டன் லவ். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் மற்ற அணிகள் ஆளை மாற்றி மாற்றி அலுத்துவிட்டன. அதனால்தான் இங்கே மதிய உணவு மேசையில் இந்த மூன்று கைகளைப் பற்றிய வாதம் ஓய்வதே இல்லை.

வெறும் வலு என்றால் ஃபார்வ்தான் அப்பா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் காலத்தில் நான் இங்கே இல்லை. பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1992 செப்டம்பரில் வழக்கமான வீரருக்கு அடிபட்டதால் உள்ளே வந்தவர், சின்சினாட்டிக்கு எதிராக ஆட்டம் முடிய 13 விநாடி இருக்கும்போது 35 கெஜத்துக்கு எறிந்த பந்தைப் பாருங்கள். வளைவே இல்லாமல் போகும். அதற்கடுத்த வாரம் தொடங்கி 2007 பருவம் முடியும்வரை ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல், பருவ முடிவில் வரும் கோப்பைச் சுற்றுகளைச் சேர்க்காமலே தொடர்ந்து 253 ஆட்டங்களில் இந்த அணிக்காக அவரே தொடக்க வீரராக இறங்கினார். பக்கத்தில் நிற்பவனுக்கும் அதே வேகத்தில்தான் எறிவார். பந்தைப் பிடித்தவர்களின் விரல்கள் பிசகிய கதைகளை ஆலையில் வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அவர் கால்களைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். முன்கால் ஊன்றாது, இடுப்பு திரும்பாது, சில சமயம் இரண்டு காலும் தரையிலேயே இருக்காது. “கை கடைசியில்தான் வரவேண்டும்” என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பீர்கள்! இந்த மனிதருக்குக் கை மட்டும் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் பந்து போகிறது. தோளும் முழங்கையும் அப்படி அமைந்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் யார் தெரியுமா? அவருடைய அப்பாதான். மிசிசிப்பியில் கில்ன் என்ற சிற்றூர். அந்த அப்பா பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தையே நம்பியவர். மகனை அதிகம் எறிய விடவில்லை. அப்படிப்பட்ட கை அங்கே பெரும்பாலும் சும்மாவே இருந்திருக்கிறது. 2003 டிசம்பர் 21 அன்று அந்த அப்பா திடீரென்று இறந்துபோனார். மறுநாள் இரவு ஓக்லாந்தில் ஆட்டம். மகன் ஆடினார். எறிந்தது மொத்தம் 399 கெஜம், நான்கு டச்டவுன். டச்டவுன் என்றால் எதிரணியின் கோல் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது. சில பந்துகள் எதிரணி ஆட்கள் இருவர் சூழ்ந்திருந்த இடத்துக்குப் போய், எப்படியோ நம் ஆள் கையில் விழுந்தன. இதை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்துவிட்டு அன்றிரவே உங்களுக்குப் போன் செய்தேன், காரணம் சொல்லவில்லை.

அந்த வலுவுக்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். எந்தச் சந்துக்குள்ளும் பந்தைத் திணித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு. மொத்த வாழ்க்கையில் 336 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார். யாரும் நெருங்காத கணக்கு அது. பேக்கர்ஸுக்காக அவர் எறிந்த கடைசிப் பந்தும் அப்படித்தான் போனது. 2008 ஜனவரி 20, லாம்போ ஃபீல்டு, உறைநிலைக்குப் பதினெட்டு டிகிரி கீழே. கூடுதல் நேரத்தில் எறிந்த பந்தை நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் பறிக்க, ஆட்டம் 23-20 என்று கைவிட்டுப் போனது. இந்த வருடம் செப்டம்பரில் அவர் தனக்குப் பார்கின்சன் நோய் வந்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் வாதம் செய்யவில்லை.

ராட்ஜர்ஸ் கதை வேறு. 2005இல் வந்தவர், ஃபார்வுக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார். கலிபோர்னியாவிலிருந்து வந்தபோது பந்தைக் காதருகே உயர்த்திப் பிடிப்பார். காத்திருந்த காலத்தில் அந்தப் பிடியைத் தாழ்த்தி, தோளையும் இடுப்பையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் என் பிடியை மாற்ற ஒரு கோடை விடுமுறை முழுவதும் செலவழித்தீர்களே, அதே வேலை. பலன் என்னவென்றால், மணிக்கட்டின் ஒரு சுண்டலில் பந்து பறக்கும். கை எப்போது பின்னால் போனது என்றே தெரியாது.

2015 டிசம்பர் 3 அன்று டெட்ராய்ட்டில் நேரமெல்லாம் முடிந்த பிறகு, எதிரணியின் தவறால் கிடைத்த ஒரே ஒரு கூடுதல் வாய்ப்பு. வலப்பக்கம் ஓடி, இரண்டடி முன்வைத்து எறிந்தார். பந்து கூரையை இடித்துவிடும்போல் எழுந்து, ஏறக்குறைய அறுபது மீட்டர் தாண்டிக் கோல் பகுதியில் இறங்கியது. 27-23. தோழி வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் கூச்சல் கேட்டது.

ஆனால் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அதை அல்ல. 2017 ஜனவரியில் டல்லாஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் சமநிலையில் இருக்க, 12 விநாடி மிச்சம். வலது கைக்காரரான அவர் இடப்பக்கமாக ஓடுகிறார். அந்தப் பக்கம் ஓடும்போது இடுப்பு எதிர்த்திசையில் மாட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். ஓடிக்கொண்டே மேலுடலை மட்டும் திருப்பி எறிந்தார். பந்து எல்லைக்கோட்டின் விளிம்பில் கால்விரல் பதித்து நின்ற ஜாரெட் குக் கைக்குள் போய் விழுந்தது. 36 கெஜம். அடுத்து எங்கள் அணியின் உதைப்பாளர் மேசன் கிராஸ்பி 51 கெஜத்திலிருந்து பந்தைக் கோல் கம்பங்களுக்கிடையே உதைத்து 34-31. என் கண்ணால் பார்த்தவற்றில் மிக உயர்ந்த எறிதல் அதுதான். கை வலுவை இப்படிப் பயன்படுத்தத் தெரிந்தவர் இந்த அணியில் இன்னொருவர் இல்லை. பேக்கர்ஸுக்காக 475 டச்டவுன் எறிந்தவர் 105 பந்துகளைத்தான் பறிகொடுத்தார். இதே அணிக்காக ஃபார்வின் கணக்கு 442, 286. இந்த நான்கு எண்களை மேசையில் வைத்தால் எங்கள் மேற்பார்வையாளர் பேச்சை மாற்றிவிடுவார். அவர் ஃபார்வ் ஆள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் மூவரையும் ஏற்கமாட்டார். பார்ட் ஸ்டார் என்பார். 1956இல் அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்தபோது 17ஆம் சுற்றில்தான் தேர்வானவர், ஐந்து முறை கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கை வலுவுக்குப் பேர் போனவரே அல்ல. 1967 டிசம்பர் 31, வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ், தரை பாறையாக உறைந்திருக்கிறது. கடைசி 16 விநாடியில் அவர் எறியவில்லை, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானே கோட்டுக்குள் விழுந்து ஜெயித்தார். பெரியவர் அன்று அரங்கில் இருந்தவர். அவரிடம் நான் வாதாடுவதில்லை.

இந்தக் குளிரை மறந்துவிட்டு யார் கையையும் அளக்கக்கூடாது. நவம்பர் தாண்டினால் பந்துக்குள் காற்றழுத்தம் குறையும், தோல் இறுகி வழுக்கும், ஏரிப் பக்கமிருந்து காற்று அறையும். அரங்கில் இருப்பவை உலோக பெஞ்சுகள். காலுக்கடியில் அட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்போம். கூரை போட்ட அரங்கில் அழகாக எறிபவர்கள் இங்கே வந்து திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது லவ். 2020இல் வந்து, இவரும் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருடம் காத்திருந்தார். 2023இல் பொறுப்பேற்றார். ஃபார்வின் வேகம் இவருக்கில்லை, ராட்ஜர்ஸின் மணிக்கட்டும் இல்லை. ஆனால் பின்னங்காலில் சாய்ந்து விழுந்துகொண்டே நாற்பது, ஐம்பது கெஜம் எறிகிறார். முன்கால் ஊன்றாமல் அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. இதைத்தான் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் பருவத்திலேயே 32 டச்டவுன், 11 இழப்பு. அதன் முடிவில் டல்லாஸை அவர்கள் அரங்கிலேயே 48-32 என்று வீழ்த்தினார். அடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, வலப்பக்கம் ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்காக நடுமைதானத்துக்கு எறிந்தார். பறித்துவிட்டார்கள். தேதி ஜனவரி 20. ஃபார்வ் இங்கே கடைசியாக எறிந்த அதே தேதி, பதினாறு வருடம் கழித்து. மேற்பார்வையாளர் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜூலையில் அவருக்கு நான்கு வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தப் பருவத்தில் ஆடிய ஏழு ஆட்டங்களில் பத்துப் பந்துகளைப் பறிகொடுத்திருக்கிறார். போன ஞாயிறு மழையில் டெட்ராய்ட்டிடம் தோற்றபோது, இடைவேளைக்குச் சற்று முன் அவசரத்தில் எறிந்த ஒரு பந்து நேராக எதிரணிக்கு டச்டவுனாகவே போய்விட்டது. ஊரில் முணுமுணுக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. முழங்காலில் அடிபட்டு, பிறகு தொடையிடுக்கில் அடிபட்டு ஆடும் பையனின் எறிதல் பிசகினால், முதலில் பார்க்க வேண்டியது காலைத்தானே? இவர்கள் எல்லோரும் கையையே பார்க்கிறார்கள். அவருக்குக் கால் தேறட்டும், பிறகு பேசலாம் என்று நான் மேசையில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சிகாகோவில் ஆட்டம். இங்கே நண்பகல், உங்களுக்கு இரவு பதினொன்றரை. விழித்திருக்க வேண்டாம், தம்பி மறுநாள் தன் போனில் காட்டுவான். முன்கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுங்கள். முழங்கால் வலிக்கான மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகே போடுங்கள். இந்த மாதப் பணத்தைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அம்மாவிடம் வத்தக்குழம்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்