ஏ.எஃப்.எம் புரோப் பெட்டியில் மாற்றுச் சரக்கு வந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
ஆராய்ச்சி மாணவி, கடல்பாசி ஆய்வகம், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர், ஆய்வுக்கருவி விற்பனை நிறுவனம், சென்னை.

ஐயா,

எங்கள் ஏ.எஃப்.எம்-க்கு (அணுவிசை நுண்ணோக்கி) நாங்கள் கேட்டது சுருள்வில் மாறிலி, அதாவது விறைப்பு, 0.06 நியூட்டன்/மீட்டர் உள்ள மென்மையான சிலிக்கான் நைட்ரைடு புரோப். புரோப் என்பது நுனியில் கூர்முனை உள்ள, வளையும் நுண்ணிய தகடு; அந்தத் தகடுதான் கேன்டிலீவர். பெட்டிமேல் ஒட்டிய சீட்டிலும் அதுதான் இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு. அறை வெப்பத்தில் கேன்டிலீவர் தானாக அதிர்வதைப் பார்க்கும் வெப்ப அதிர்வு முறையில் அளந்தால், காற்றில் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரவேண்டிய அதிர்வெண் 300 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. காற்றில் டேப்பிங் முறைக்கு (பரப்பைத் தட்டித் தட்டி அளப்பது) விற்கும் 40 நியூட்டன்/மீட்டர் புரோப்புக்குத்தான் இப்படி வரும்.

உங்கள் சேவைப் பொறியாளரோ, "மண்டபத்துல உப்புக்காத்து மேடம், ஈரம் ஏறியிருக்கும்" என்கிறார். ஈரம் ஏறினால் முனையில் அழுக்குச் சேரலாம், லேசர் ஒளி மங்கலாம். கேன்டிலீவர் தடிக்குமா? விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும். நீள அகலம் மாறாமல் 600 மடங்குக்கு மேல் விறைக்க வேண்டுமென்றால் தடிமன் எட்டு மடங்கைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊர்க் காற்றுக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

கஞ்சிப்பாசியிலிருந்து எடுத்த அகர் ஜெல்லைக் கடல்நீருக்குள் வைத்தே அழுத்திப் பார்க்கிறோம். உலர விட்டால் ஜெல் சுருங்கி, அளவு பொய்யாகிவிடும். மென்மையான கேன்டிலீவர் ஜெல்லைத் தொட்டதும் தானும் வளையும். அதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து நானோநியூட்டன் கணக்கில் விசை கிடைக்கும். நீங்கள் அனுப்பியது, கடப்பாரையால் இட்லியைத் தொட்டதுபோல, வளையாமல் நேரே இறங்கியது. விசைக்கோடு தட்டையாகவே போய், அடியிலிருந்த கண்ணாடியை முட்டிய பிறகுதான் ஏறியது. அது கண்ணாடியின் விறைப்பு. அதை அளக்க நாங்கள் பாசி எடுத்துவர வேண்டியதில்லை.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறீர்கள். பிரிக்காமல் அதிர்வெண்ணை அளக்க வழி இருந்தால் எழுதுங்கள், கற்றுக்கொள்கிறோம்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் பாசி எடுக்கும் அக்காமாரும் பெரும்பாலும் கடலில் இறங்க மாட்டார்கள். புதுப்பாசி கிடைக்காது. ஆகவே அதற்கு முன்பே, வேறு லாட்டிலிருந்து (தயாரிப்புத் தொகுதியிலிருந்து) முழுப் பெட்டியையும் உங்கள் செலவில் மாற்றி அனுப்ப வேண்டும். அந்த லாட்டில் நீங்களே அளந்த அதிர்வெண் தாளும் உடன் வர வேண்டும். எங்கள் அளவீட்டு வரைபடங்களையும் பெட்டிச் சீட்டின் படத்தையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி