சனிக்கிழமை நாடகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டிலுள்ள தாத்தா ஆயாமாருக்கும் வணக்கம்.

டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்து நாடகக் குழு ஒன்று இந்தத் தவணையின் கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமூகக் கூடத்தில் ஒரு தமிழ் நாடகம் போடுகிறது. கல்யாண வீட்டில் ஒரு கொலை. வந்திருந்த சொந்தக்காரர்களில் யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கதை இவ்வளவுதான், ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சிரிப்பு. சனிக்கிழமைக் காட்சிக்கு நம் தமிழ்ப் பள்ளியில் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் அழைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை.

போன வாரம் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாப்பிள்ளையின் மாமா மேடையில் நின்று சத்தியம் பண்ணுகிறார்: "கும்மிருட்டு, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின்வாசல் வழியாக ஓடிப்போனாள், அவ்வளவுதான்." துப்பறிகிறவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். என் பக்கத்தில் இருந்த பன்னிரண்டு வயதுப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், ஹீ செட் ஓடிப்போனாள்! இருட்டுல பொம்பளைன்னு எப்படித் தெரியும்?" சொல்லிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். (முதல் பாகத்திலேயே இந்தத் தடயம் அவிழ்ந்துவிடும். எழுதலாம் என்று இயக்குநரே சொன்னார்.)

ஆன், ஆள், ஆர் என்று அந்த விகுதிகளை இரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி நடத்துகிறோம். பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், வாசலைத் தாண்டினால் மறந்துபோகும். அன்றைக்கு அந்த ஒரு 'ள்' அவளுக்குக் காதில் விழுந்தது. குற்றவாளி யார் என்று தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் கவனித்துக் கேட்டாள். பாடமாக நடத்தி இப்படிக் கேட்க வைக்க எங்களால் முடிந்ததில்லை. அதனால்தான் இந்த நாடகத்துக்காக இவ்வளவு சொல்கிறேன்.

துப்பறிகிறவர் காது மந்தமான பழைய போலீஸ்காரர். சமையல்கார அம்மா "புளி வாங்கப் போயிருந்தேன்" என்கிறார். இவர் நோட்டில் "புலி" என்று எழுதிக்கொண்டு சோபாவுக்கு அடியில் தேட ஆரம்பிக்கிறார். நம் பிள்ளைகள் ல, ள வித்தியாசத்துக்கு எத்தனை தடவை திருத்தம் வாங்கியிருப்பார்கள்! அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் அது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று சொல்லும் இடத்தில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனாலும் ஆயா தமிழில் கேட்க, பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வது அப்படியேதான் இருக்கிறது.

ஒரு தாய் என்னிடம் நேரில் கேட்டார்: "கொலையைக் காட்டிச் சிரிக்க வைக்கலாமா?" நியாயமான கேள்வி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு இந்த நேட்டால் கரைக்கு வந்தது. அதற்குப் பின்னும் கப்பல் கப்பலாக வந்த நம் முன்னோர் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். நேட்டாலில் அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றே பெயர் விழுந்தது. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் எத்தனை சாவு, எத்தனை அழுகை! நடுவில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவான். சனங்கள் சிரித்துவிட்டுத் திரும்பவும் திரௌபதிக்காக அழுவார்கள். இந்த நாடகத்தில் ரத்தமே கிடையாது. கொலையான பெரியவர் சோபாவில் சாய்ந்தபடி இருப்பார், கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

ஆனால் ஒன்று. நம் பள்ளியிலேயே சில வீடுகளில் உண்மையாகவே அப்படி ஒரு துக்கம் நடந்திருக்கிறது. அவர்களுக்கு இது வெறும் கதையாக இருக்காது. உங்கள் பிள்ளை வர வேண்டாம் என்று தோன்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. வந்த பிறகு பயந்தாலும் சரி, ஒரு ஆசிரியை பக்கத்து அறையில் தேநீரோடு இருப்பார். துப்பாக்கிச் சத்தம் வேண்டாம் என்று கேட்டேன். குழுவினர் உடனே ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் பித்தளைச் சொம்பு ஒன்று உருண்டு விழும்.

இன்னொன்று, கொலை நடக்கும்போது ஒரு நிமிடம் விளக்கு எல்லாம் அணையும். ஒத்திகையில் பிள்ளைகள் மின்வெட்டு என்று நினைத்து "லோட்ஷெடிங்!" என்று கத்திவிட்டார்கள். அது நாடகத்தின் பகுதிதான் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கூட வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் காதில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். புரியாத வார்த்தையை இடைவேளை வரை அவர்களே மனதில் வைத்திருக்கட்டும். இடைவேளையில் ஆயாவிடமோ தாத்தாவிடமோ கேட்கட்டும். இதற்காகவே முதல் இரண்டு வரிசையையும் பெரியவர்களுக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், அவர்களைக் கட்டாயம் அழைத்துவாருங்கள். யார் கொலைகாரர் என்று இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பென்சில் நாங்கள் தருவோம். எழுத்துப் பிழைக்குத் திருத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சி முடியும்வரை முடிவை யாரும் வெளியே சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் போட வேண்டாம். நடிக்கிறவர்கள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் வசனம் மனப்பாடம் பண்ணுகிறவர்கள், அவர்கள் உழைப்பு வீணாகக் கூடாது.

அனுமதிச் சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வரும் சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வடை கொண்டுவர முடிந்தவர்கள் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். நாடகம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை